உள்ளிருந்து வளரும் படலம்

கற்றல் நோக்கங்கள்

1. உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் எவ்வாறு வளர்கிறது என்பதைத் தமிழில் விளக்குதல்.
2. அறிவியல் கட்டுரையில் காரண காரியத் தொடர்களை இனங்கண்டு எழுதுதல்.
3. நம் பகுதியில் நடைபெறும் உலோகத் தொழிலின் அறிவையும் அதன் இடர்களையும் உணர்தல்.

படலம் என்னும் சொல்

மாணவர்களே, தமிழில் ‘படலம்’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. கம்பராமாயணத்தில் காண்டத்தின் உட்பிரிவு படலம் எனப்படும். கண்ணின் மேல் படர்ந்து பார்வையை மறைக்கும் மெல்லிய தோலும் படலம் எனப்படும். அறிவியல் தமிழில், ஒரு பொருளின் மேற்பரப்பில் அமையும் மிக மெல்லிய அடுக்கினைப் படலம் என்று வழங்குகிறோம்.

இத்தகைய அடுக்குகள் இருவகையில் அமையும். நம் முன்னோர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினர். அங்கே பாத்திரம் வேறு, பூச்சு வேறு. வெளியிலிருந்து கொண்டுவந்த ஈயம் பித்தளையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் தேய்ந்து போனால் மீண்டும் பூச வேண்டும். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையோ அத்தகையது அன்று. அதனை எவரும் கொண்டுவந்து பூசுவதில்லை. பாலிலிருந்தே அது தோன்றுகிறது.

அலுமினியத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலம் பாலாடையைப் போன்றது. அது பூசப்படுவதன்று, அந்த உலோகத்திலிருந்தே வளர்வது. அவ்வளர்ச்சியை மின்சாரத்தால் மிகுவிக்கும் முறைக்கு நேர்மின்வாயாக்கம் என்று பெயர். தொழிற்கூடங்களில் இதனை ‘ஆனோடைசிங்’ என்பர். சன்னல் சட்டங்கள், அடுக்களையில் காணும் கருஞ்சாம்பல் நிற வாணலிகள், கைப்பேசிகளின் உலோக உறைகள் எனப் பலவற்றில் இப்படலம் வளர்க்கப்பட்டுள்ளது.

துருவும் களிம்பும் படலமும்

பெரும்பாலான உலோகங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாற்றமடைகின்றன. இரும்பின் மேல் தோன்றுவதைத் துரு என்றும், செம்பின் மேல் படிவதைக் களிம்பு என்றும் தமிழர் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தனர். மும்பையின் மழைக்காலத்தில் தகரக் கூரைகளும் இரும்புக் கதவுகளும் துருப்பிடிப்பதை நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். துரு நுண்துளைகள் நிறைந்தது. பொருக்குப் பொருக்காக உதிர்வது. அது உதிர்ந்ததும் புதிய இரும்பு வெளிப்படும், அதுவும் துருவாகும். ஆகவே துரு இரும்பைக் காப்பதில்லை. மேலும் மேலும் அரிக்கிறது.

அலுமினியத்தின் இயல்பு வேறானது. தூய அலுமினியத்தைக் கீறினால், அந்தக் கீறலில் நொடிப்பொழுதில் புதிய ஆக்சைடு தோன்றி மூடிவிடும். இரண்டு அலுமினிய அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் என்னும் கணக்கில் அமைந்த சேர்மம் அது. உலோகத்தோடு நெருக்கமாகப் பிணைந்து நிற்பதால் உதிர்வதில்லை. அதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பகுதிகளாகப் பிரித்தால் ஒரு பகுதியே ஒரு நானோமீட்டர். அவ்வளவு மெல்லிய போர்வை கீழுள்ள உலோகத்தைக் காற்றினின்றும் நீரினின்றும் காக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் மங்காமல் இருப்பதற்கும் அதனுள் கலந்துள்ள குரோமியம் தோற்றுவிக்கும் இத்தகைய மெல்லிய ஆக்சைடு படலமே காரணம்.

இங்கு ஒரு சொல் வரலாற்றையும் அறிந்துகொள்வோம். அலுமினிய ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைக்கும்போது அதற்குக் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் அக்கனிமத்திற்கு வழங்கும் பெயர், தமிழின் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்தே சென்றது என்பர் சொற்பிறப்பியலார். சிறிதளவு குரோமியம் கலந்த குருந்தம் செந்நிற மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் கலந்த குருந்தம் நீலக்கல். சமையற் பாத்திரத்தின் மேலுள்ள படலமும் அதே சேர்மந்தான். ஆயினும் அதன் அணுக்கள் படிகத்தைப்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை.

புளிக்குழம்பும் அலுமினியமும்

புளிக்குழம்பையும் ரசத்தையும் ஊறுகாயையும் அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருக்கக் கூடாது என்று வீட்டில் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் வழக்கம் அன்று. அறிவியல் அடிப்படை உடையது. ஆக்சைடு படலம், பி.எச். மதிப்பு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை உள்ள நீர்மங்களில் நிலைத்து நிற்கும். புளியின் அமிலம் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஊறுகாயில் உள்ள உப்பு, படலத்தின் வலுக்குறைந்த இடங்களில் துளையிடும். சலவைச் சோடா, எரிசோடா போன்ற காரங்களும் படலத்தைக் கரைக்கும்.

ஆகவே இயற்கைப் படலம் பயனுடையதாயினும் போதுமான வலிமை உடையதன்று. அதனைத் தடிமனாக்க முடியுமா என்னும் வினாவே நேர்மின்வாயாக்கத்திற்கு வழிவகுத்தது.

மின்தொட்டியில் நிகழ்வது என்ன?

ஒரு தொட்டியில் நீர்த்த கந்தக அமிலம் நிரப்பப்பட்டுள்ளது எனக் கொள்வோம். நூறு கிராம் கரைசலில் அமிலம் 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். அதன் வெப்பநிலை சுமார் 20 பாகை செல்சியஸ். மின்னோட்டத்தைக் கடத்தும் இத்தகைய கரைசல் மின்பகுளி எனப்படும். அதில் மூழ்கிய அலுமினியப் பொருள் மின்வழங்கியின் நேர்முனையோடு இணைக்கப்படுகிறது. எனவே அது நேர்மின்வாய். ஈயத்தகடோ அலுமினியத்தகடோ எதிர்முனையோடு இணைக்கப்படுகிறது, அது எதிர்மின்வாய். மின்னழுத்தம் 12 முதல் 20 வோல்ட் வரை.

மின்சாரம் பாயத் தொடங்கியதும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வாயு குமிழ்களாக எழுகிறது. நேர்மின்வாயில் அலுமினிய அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நேர்மின்சுமை கொண்ட அயனிகளாகின்றன. நீரிலிருந்து பிரிந்த ஆக்சிஜன் எதிர்மின்சுமை கொண்ட அயனிகளாகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஆக்சைடாகின்றன.

இங்கு ஒரு வினா எழ வேண்டும். உலோகத்தின் மேல் ஏற்கெனவே படலம் மூடியிருக்கிறதே. அதன் இருபுறமும் உள்ள அலுமினியமும் ஆக்சிஜனும் எவ்வாறு சந்திக்கின்றன? திடப்பொருளுக்குள் அயனிகள் எளிதில் நகர இயலாதே?

விடை மின்புலத்தில் உள்ளது. பதினைந்து வோல்ட் என்பது கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அது ஏறத்தாழ பதினைந்து நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தின் குறுக்கே செயற்படுகிறது. நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்பது, மீட்டருக்கு 100 கோடி வோல்ட் என்னும் அளவுக்குச் சமம். அத்துணைக் கடுமையான மின்புலம் அயனிகளை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்து இழுக்கிறது. அலுமினிய அயனிகள் உள்ளிருந்து வெளிநோக்கியும், ஆக்சிஜன் அயனிகள் வெளியிலிருந்து உள்நோக்கியும் நகர்கின்றன. இந்நகர்வை 1934ஆம் ஆண்டு ஜெர்மனியில் குந்தர்ஷுல்ட்சேயும் பெட்சும் கணித வாய்பாடாக எழுதினர். 1940களின் இறுதியில் நெவில் மாட், கப்ரேரா ஆகிய இயற்பியலாளர்கள் உலோகங்களின் ஆக்சைடாக்கத்திற்கு மின்புலத்தின் அடிப்படையில் விளக்கம் அளித்தனர்.

வளர்ச்சி தானே நிற்பதும் தொடர்வதும்

படலம் தடிக்கத் தடிக்க அதே 15 வோல்ட் கூடுதலான தொலைவில் பகிரப்படுகிறது. அதனால் மின்புலம் தளர்கிறது. அயனிகளின் நகர்வு குறைகிறது. வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆக்சைடைக் கரைக்காத மின்பகுளியைப் பயன்படுத்தினால் இவ்வாறே நிகழும். அங்கே படலத்தின் தடிமனை வோல்ட்டே வரையறுக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று மேல். துளைகளற்ற இவ்வடுக்கு தடுப்புப் படலம் எனப்படும். மின்சாரத்தைக் கடத்தாத இதனைப் பயன்படுத்தியே வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றின் மின்தேக்கிகள் செய்யப்படுகின்றன.

கந்தக அமிலத்திலோ வேறொன்று நிகழ்கிறது. அமிலம் படலத்தைச் சிறிதளவு கரைக்கவும் செய்யும். மேற்பரப்பில் மிகச் சிறு பள்ளங்கள் தோன்றுகின்றன. பள்ளத்தின் அடியில் படலம் மெல்லியதாகிறது. மெல்லியதாவதால் அங்கே மின்புலம் மிகுகிறது. மின்புலம் மிகுவதால் அங்கே கரைதலும் விரைகிறது, உலோகத்தை ஒட்டிப் புதிய ஆக்சைடு தோன்றுவதும் விரைகிறது. மேலே கரைய, கீழே வளர, அடியிலுள்ள தடுப்புப் படலத்தின் தடிமன் மாறாமல் இருக்கிறது. பள்ளங்கள் ஆழ்ந்து நீண்ட துளைகளாகின்றன. துளைகளைச் சுற்றியுள்ள ஆக்சைடு சுவர்கள் உயர்ந்து கொண்டே போகின்றன. இவ்வாறு படலம் நானோமீட்டர் கணக்கைக் கடந்து மைக்ரோமீட்டர் கணக்கை எட்டுகிறது. ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தது ஒரு மைக்ரோமீட்டர்.

வளர்ச்சியை நாமே கணக்கிடலாம். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு ஓர் ஆம்பியர் வீதம் மின்னோட்டம் செலுத்தினால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் படலம் வளரும். மின்னோட்டம் 1.5 ஆம்பியர் எனில் 20 நிமிடத்தில் சுமார் 9 மைக்ரோமீட்டர். கட்டடச் சன்னல்களுக்கு 15 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை வளர்ப்பதுண்டு. நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வளவு விளங்கும்.

இப்படலம் உலோகத்தை உட்கொண்டே வளர்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பழைய மேற்பரப்புக்குக் கீழேயும், ஒரு பங்கு மேலேயும் அமைகிறது. வேர் மண்ணுக்குள் இறங்கத் தண்டு மேலெழும் செடியைப்போல இது இருதிசையிலும் வளர்வதாகக் கொள்ளலாம். வண்ணப்பூச்சைப்போல இது உரிந்து வராமைக்கு இதுவே காரணம்.

தேனடை அமைப்பும் நிறமூட்டலும்

1953ஆம் ஆண்டு கெல்லர், ஹண்டர், ராபின்சன் ஆகிய மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு இப்படலத்தின் அமைப்பை விளக்கினர். அறுகோண அறைகள் நெருங்கி நிற்க, ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு துளை இருப்பதாக அவர்கள் கண்டனர். தேனடையை ஒத்த இவ்வமைப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல ஆயிரம் கோடித் துளைகள் உள்ளன.

இத்துளைகளே நிறமூட்டலுக்கு இடமளிக்கின்றன. படலம் வளர்ந்த பொருளை நீரில் அலசிச் சாயக் கரைசலில் அமிழ்த்தினால் சாயம் துளைகளுக்குள் புகுகிறது. பின்னர் அதனைக் கொதிநிலைக்கு நெருங்கிய தூய வெந்நீரில் வைப்பர். ஆக்சைடு நீரோடு சேர்ந்து பருக்கிறது. துளைகளின் வாய் மூடிக்கொள்கிறது. இதற்கு மூடல் என்று பெயர். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் வெந்நீரில் இருத்தல் வேண்டும். அவசரப்பட்டு முன்னரே எடுத்துவிட்டால் துளைகள் முழுதும் மூடா. அவற்றில் அழுக்குப் புகும், சாயம் வெளுக்கும், கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கும். மும்பை போன்ற கடற்கரை நகரில் இக்குறை விரைவிலேயே வெளிப்பட்டுவிடும்.

தொட்டியின் வெப்பநிலையை 0 முதல் 5 பாகை வரை குறைத்து, மின்னோட்டத்தை மிகுவித்தால், அமிலம் கரைப்பது குறைந்து, அடர்ந்த கடினமான படலம் கிடைக்கும். கருஞ்சாம்பல் வாணலியின் மேலுள்ளது இத்தகைய கடினப் படலமே.

டைட்டானியத்தின் மேல் வளரும் படலத்திற்குச் சாயமே தேவையில்லை. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை மிகுவிக்கிறது, சிலவற்றைக் குறைக்கிறது. வோல்ட்டை மாற்றினால் தடிமன் மாறும். தடிமன் மாறினால் நிறம் மாறும். மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெய் பல நிறங்காட்டுவதும் இக்காரணத்தாலேயே.

கடல் விமானம் முதல் காரைக்குடி வரை

நேர்மின்வாயாக்கம் தொழில் முறையாக உருப்பெற்றது கடலின் உப்பை எதிர்கொள்வதற்காகவே. 1923ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெங்காஃப், ஸ்டூவர்ட் ஆகியோர், கடலில் இறங்கும் விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்கள் அரிக்கப்படாமல் காக்கக் குரோமிக் அமிலத்தில் படலம் வளர்க்கும் முறையைக் கண்டனர். 1927ஆம் ஆண்டு கோவர், ஓ’பிரையன் என்போர் கந்தக அமில முறைக்குக் காப்புரிமை பெற்றனர். இன்று பெரிதும் வழங்குவது அம்முறையே.

தமிழ்நாட்டுக்கும் இவ்வறிவியலோடு நெருங்கிய தொடர்பு உண்டு. மின்சாரத்தால் நிகழும் வேதிமாற்றங்களை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிப்பு, மின்முலாம், நேர்மின்வாயாக்கம் முதலியன அங்கே ஆராயப்படுகின்றன. சேலம் மாவட்டம் மேட்டூரில் 1965ஆம் ஆண்டு முதல் அலுமினிய ஆலை ஒன்று இயங்கியது. ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளில் வெட்டியெடுக்கப்பட்ட பாக்சைட்டு தாதுவே அதன் மூலப்பொருள்.

நம் பகுதியின் அலுமினியம்

தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க மிகுதியான மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தினால் அந்த ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். மாட்டுங்கா லேபர் கேம்ப்பை அடுத்துள்ள தாராவியில் இப்பணி நாள்தோறும் நடைபெறுகிறது. பதின்மூன்றாம் காம்பவுண்டு போன்ற இடங்களில் பிளாஸ்டிக்கும் உலோகமும் தரம் பிரிக்கப்படுகின்றன. அலுமினியக் கழிவுகள் சிறு உலைகளில் உருக்கப்பட்டுக் கட்டிகளாக வார்க்கப்படுகின்றன.

உருகிய அலுமினியத்தின் மேலும் ஆக்சைடு படலம் மூடுகிறது. உலையில் பணிபுரிவோர் அதனைக் கசடாக வழித்து ஒதுக்குகின்றனர். வழிக்க வழிக்க மீண்டும் மூடும். திடநிலையில் உலோகத்தைக் காக்கும் அதே ஆக்சைடு, உருகிய நிலையில் உலோகத்தை இழக்கச் செய்யும் கசடாகிறது. ஆகவே தேவையின்றிக் கிளறாமல் வழித்தெடுப்பது ஒரு தொழில் நுணுக்கம்.

படலத்தின் வளர்ச்சிக்கும் கழிவைத் தரம் பிரிப்போரின் உழைப்புக்கும் உள்ள தொடர்பினை இங்கே ஊன்றி நோக்குங்கள். எல்லா அலுமினியமும் ஒன்றன்று. சன்னல் சட்டத்தில் மக்னீசியமும் சிலிக்கனும் மிகச் சிறிதளவே கலந்திருக்கும். எந்திரங்களின் வார்ப்புப் பாகங்களில் சிலிக்கன் மிகுந்திருக்கும். குளிர்பானக் குவளையில் மாங்கனீசும் மக்னீசியமும் இருக்கும். ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் இரும்புத் திருகு இரும்பைச் சேர்க்கும். இவை யாவும் ஒன்றாக உருக்கப்பட்டால், அந்த உலோகத்தின் மேல் படலம் ஒரே சீராக வளராது. சிலிக்கன் துகள்கள் ஆக்சைடாகாமல் படலத்தில் சிக்கிக்கொள்ளும். மேற்பரப்பு கறுத்துத் திட்டுத்திட்டாகத் தோன்றும்.

ஆகவே குப்பைக் குவியலின் முன் அமர்ந்து, எடையாலும் ஒலியாலும் நிறத்தாலும் காந்தத்தாலும் உலோகங்களைப் பிரிக்கும் கைகள், பின்னர் எங்கோ ஒரு தொட்டியில் வளரப்போகும் படலத்தின் தரத்தை முன்னரே முடிவு செய்கின்றன. அப்பணியைச் செய்வோர் பள்ளியில் உலோகவியல் கற்றவர் அல்லர். எனினும் அவர்தம் கையறிவு உலோகவியலே. அவர்களுள் உங்கள் உற்றாரும் இருக்கலாம். அவர்களின் தொழிலைக் குறித்துப் பிறர் கேட்டால் தலைகுனியத் தேவையில்லை; அதன் அறிவியலை எடுத்துரைக்க உங்களுக்கு இப்போது சொற்கள் உண்டு.

காக்கப்பட வேண்டிய படலம்

நேர்மின்வாயாக்கத் தொழிற்கூடத்தில் அமிலமும் காரமும் அருகருகே இருக்கும். பொருளை முதலில் எரிசோடாக் கரைசலில் அமிழ்த்திப் பழைய படலத்தையும் அழுக்கையும் நீக்குவர். பின்னர் நைட்ரிக் அமிலத்தில் அலசுவர். அதன் பின்னரே மின்தொட்டி. குமிழ்கள் வெடிக்கும்போது அமிலமும் காரமும் நுண்துளிகளாகக் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமில்லாத சிறு அறையில் அவற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் தொண்டையும் நுரையீரலும் கெடும், பற்கள் அரிக்கப்படும்.

எனவே தொட்டியின் விளிம்பில் காற்றை உறிஞ்சும் அமைப்பு வேண்டும். கையுறை, கண்ணாடி, நீண்ட காலணி ஆகியன வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் வெப்பம் மிகுந்து தெறிக்கும். உடலில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவரை நாட வேண்டும். எஞ்சிய அமில நீரைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்காமல் வடிகாலில் விடுதல் கூடாது. நம் பகுதியின் வடிகால்கள் மித்தி ஆற்றைச் சென்றடைகின்றன. இவை உழைப்பாளி தன் முதலாளியிடம் கேட்டுப் பெறும் சலுகைகள் அல்ல, அவருக்கு உரியவை.

நம் கண்ணின் முன்புறத்தில் ஒளியை உள்ளே விடும் தெளிந்த பகுதிக்குத் தமிழில் விழிவெண்படலம் என்று பெயர். ஒரு துளி எரிசோடா அதனைச் சில நொடிகளில் வெளிறச் செய்துவிடும். அலுமினியத்தின் மேலுள்ள படலம் கீறப்பட்டால் மீண்டும் தானே வளரும். ஆழமாகச் சிதைந்த விழிவெண்படலம் அவ்வாறு வளர்ந்து தெளிவதில்லை.

சொல்லும் பொருளும்

மின்பகுளி – மின்சாரத்தைக் கடத்தி, அதனால் வேதிமாற்றமடையும் நீர்மம்
நேர்மின்வாய் – மின்வழங்கியின் நேர்முனையோடு இணைந்த தகடு அல்லது பொருள்
அயனி – மின்சுமை பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி
களிம்பு – செம்பின் மேல் படியும் பச்சை நிறப் படிவு
பொருக்கு – உதிரும் காய்ந்த மேலோடு
கசடு – உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கழிவு
எரிசோடா – அரிக்கும் தன்மையுள்ள வலிய காரம்
ஊன்றி நோக்குதல் – ஆழ்ந்து கவனித்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. ஈயப்பூச்சுக்கும் ஆக்சைடு படலத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. துரு இரும்பைக் காப்பதில்லை. ஏன்?
3. மூடல் என்பது யாது? அதனை அவசரமாகச் செய்தால் விளையும் குறைகள் யாவை?
4. மின்னோட்டம் சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் எனில், 15 மைக்ரோமீட்டர் படலம் வளர ஏறத்தாழ எத்தனை நிமிடங்கள் ஆகும்?

ஆ. விரிவாக விடையளிக்க.

1. கந்தக அமிலத்தில் படலம் தொடர்ந்து வளர்வதற்குரிய காரணங்களைப் படிப்படியாக விளக்குக.
2. தரம் பிரிப்போரின் உழைப்பு படலத்தின் தரத்தை எவ்வாறு முடிவு செய்கிறது?

இ. மொழித்திறன்.

1. ‘படலம் தடிக்கத் தடிக்க மின்புலம் தளர்கிறது’ – இத்தொடரில் உள்ளதைப்போல அடுக்கு வினையெச்சம் அமைத்து மூன்று தொடர்கள் எழுதுக.
2. ‘ஆகவே’, ‘ஆயினும்’, ‘எனவே’, ‘எனினும்’ ஆகிய இணைப்புச் சொற்கள் பாடத்தில் வரும் இடங்களை எடுத்தெழுதி, அவை காரணத்தைக் குறிக்கின்றனவா மாறுபாட்டைக் குறிக்கின்றனவா எனப் பகுத்துக் காட்டுக.

ஈ. செயல்பாடு.

1. ஒரு 1.5 வோல்ட் மின்கலம், சிறு விளக்கு, இரு கம்பிகள் ஆகியவற்றைக் கொண்டு சுற்று அமைக்க. கம்பிகளின் முனைகளைச் சாதாரண அலுமினியத் தகட்டின் மேல் அழுத்தி வைத்துப் பார்க்க. பின்னர் நேர்மின்வாயாக்கம் செய்த பொருளின் மேல் கீறாமல் வைத்துப் பார்க்க. எதில் விளக்கு எரிகிறது? காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுக. வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்துதல் கூடாது.
2. உலோகத் தொழில் அறிந்த ஒருவரை அணுகி, அவர் பயன்படுத்தும் கருவிகள், உலோக வகைகள், வேலைமுறைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழ், இந்தி, மராத்தி எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக. பணியின்போது அவருக்கு உள்ள பாதுகாப்பு வசதிகளையும் கேட்டு எழுதுக.